சோற்றுத் தட்டா, தண்ணீர்ச் சட்டியா, சேற்றுக்கரையா? பினாங்கில் மார்கழிப் பறவைகளைப் பார்க்க எது தோது

தீபாவளி முடிந்த வாரம் தங்கை செபராங் ஜெயாவிலிருந்து அழைத்தாள். "அண்ணே, பிள்ளைங்களுக்கு லீவு வரப்போகுது. கைப்பேசிய விட்டுட்டு நாலு குருவிய பார்க்கட்டும்னு நெனைக்கிறேன். குருவிக்குத் தீனி போட்டுத் தொங்கவிடுற கூண்டு ஒண்ணு ஆன்லைன்ல இருக்கு. கொழுப்பு உருண்டையோட சேர்த்துத் தொண்ணூறு வெள்ளி. வாங்கட்டுமா? இல்ல, அந்தக் காசுக்குக் கொடிமலைக்கே கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

(இங்கே வெள்ளி என்றால் ரிங்கிட், கொடிமலை என்றால் பினாங்கு ஹில்.) அவளுக்கு அன்று இரண்டே வரியில் பதில் சொன்னேன். ஆனால் ஆண்டிறுதி வந்தால் இதே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். அதனால் நான் செய்து பார்த்தவற்றையும் போய்ப் பார்த்த இடங்களையும் வைத்து விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொழுப்பு உருண்டையைப் பற்றி. அது குளிர் நாட்டுக்காரர்கள் நல்ல காரணத்தோடு கண்டுபிடித்த ஒன்று. லண்டனில் டிசம்பர் நடுவில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. புழுப்பூச்சிகள் உறைந்த மண்ணுக்குள் ஒளிந்துவிடும். பதினோரு கிராம் எடையுள்ள ஒரு சிட்டு, உறைபனி இரவு ஒன்றைக் கடப்பதற்குள் தன் எடையில் 10 விழுக்காடு வரை இழந்துவிடும். விடிந்ததும் கொழுப்பு கிடைத்தால் பிழைக்கும், கிடைக்காவிட்டால் செத்தும் போகும். அங்கே வீட்டுத் தோட்டத்தில் தொங்கும் அந்த உருண்டை உண்மையாகவே உயிர்ப்பிச்சை.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. மார்கழியிலும் இங்கே பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். விடியற்காலையில் பாட்டி காதில் துணி சுற்றிக்கொள்வார். வெப்பமானி அப்போதும் 23, 24 பாகையில்தான் நிற்கும். நம் மைனாவும் புறாவும் குளிரில் வாடுவதில்லை. கொழுப்பு உருண்டையைத் தொங்கவிட்டால் பத்து மணி வெயிலுக்கே உருகி வழியும், எறும்பு மொய்க்கும்.

அப்படியானால் குளிர்காலத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு? அந்தக் குளிருக்குத் தப்பி வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பது நாம்தான். சைபீரியா, மங்கோலியா, வடசீனம் எல்லாம் உறையத் தொடங்கும்போது அங்கே கூடு கட்டிய பறவைகள் தெற்கே கிளம்புகின்றன. செப்டம்பரில் முதல் கூட்டம் நம் ஊரை எட்டும். ஏப்ரல் வரைக்கும் இருக்கும். பழுப்புக் கீச்சான், தகைவிலான், பழுப்பு ஈப்பிடிப்பான், காட்டு வாலாட்டி, கடற்கரை உள்ளான்கள் என்று பட்டியல் நீளம். இவற்றைப் பார்ப்பதுதான் நம் குளிர்காலப் பறவை பார்த்தல். எந்த வழி நல்லது என்று முடிவு செய்யும்போது நான் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: அந்த வழி இந்த விருந்தாளிகளைக் கண்ணுக்கு முன் கொண்டுவருமா?

சோற்றுத் தட்டு கொண்டுவராது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு பின்கட்டில் ஒரு தட்டு கட்டி, சோறும் ரொட்டித் துணுக்கும் நாள் முழுக்க வைத்தேன். முதல் வாரம் மைனாக்கள் வந்தன. இரண்டாம் வாரம் மைனாக்கள் மற்ற எல்லாவற்றையும் விரட்டின. மூன்றாம் வாரம் சாக்கடை வழியாக எலி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சுவர் மேல் எட்டிப் பார்த்து, கோபப்படாமல், "தம்பி, என் சமையலறை வரைக்கும் வந்துடுச்சுப்பா" என்றார். அன்றே தட்டைக் கழற்றினேன். அந்த மூன்று வாரத்தில் வடக்கிலிருந்து வந்த பறவை ஒன்றுகூட அதன் பக்கம் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? கீச்சானுக்கு வெட்டுக்கிளி வேண்டும், ஈப்பிடிப்பானுக்குப் பறக்கும் பூச்சி வேண்டும், தகைவிலான் காற்றில் வாயைத் திறந்துகொண்டே சாப்பிடும் பறவை. நம் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் குளிர்கால விருந்தாளிகளில் பெரும்பாலானவை பூச்சி தின்னிகள். அவற்றுக்குச் சோறு கல்லைப் போல.

இதைச் சொன்னதும் அம்மா கேட்டார், "அப்ப காக்காய்க்குச் சோறு வைக்கக் கூடாதா?" தாராளமாக வைக்கலாம். அமாவாசையன்று ஒரு பிடி சோறு சுவர் மேல் வைக்கிறோம், காக்கை வருகிறது, தின்கிறது, பத்து நிமிடத்தில் இடம் காலி. நான் சொல்வது நாள் முழுக்கக் கிடக்கும் தட்டைத்தான். ஊறிய சோறு வெயிலில் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். பறவைகள் நெருக்கியடித்து ஒரே தட்டில் தின்னும்போது நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். தட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் பாதிப் பப்பாளியைக் கிளையில் குத்தி வையுங்கள். சின்னான்கள் (புல்புல்) வரும், அணிலும் வரும். மத்தியானத்துக்குள் எடுத்து எறிந்துவிடுங்கள்.

அதே இடத்தில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைத்தபோது நடந்ததே வேறு. பினாங்கில் அக்டோபர், நவம்பர் மழை ஓய்ந்து, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வறட்சி. வாய்க்காலில் சோப்புத் தண்ணீர்தான் ஓடும். நல்ல தண்ணீர் எங்கே என்று பறவைகள் தேடும் காலம் அது. சட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு விரற்கடை தண்ணீர் போதும், அதற்கு மேல் போனால் சிறு பறவை இறங்கப் பயப்படும். நடுவில் ஒரு சொரசொரப்பான கல் வையுங்கள். பூனை பதுங்கக்கூடிய செடியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, இடுப்பு உயரத்தில் வைப்பது நல்லது. பறந்துபோய் உட்கார ஒரு கிளை மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

டிங்கி கொசுவை நினைத்துப் பலர் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானது, ஏடிஸ் புழு வீட்டில் இருந்தால் அபராதமும் உண்டு. ஆனால் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டிச் சட்டியின் ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் அதற்கு வழியே இல்லை. முட்டை ஒட்டுவது விளிம்பில்தான், அதனால் தேய்ப்பது முக்கியம். தினமும் இதைச் செய்ய ஆள் இல்லாத வீடென்றால் சட்டியே வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரம் நின்றால் நல்லது. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலைப் பழத்துக்குக் குயிலும் சின்னானும் சண்டை போடும். கம்பத்துப் பக்கம் தானாக முளைக்கும் செரி மரம் எல்லாவற்றிலும் மேல், ஆண்டு முழுவதும் சின்னச் சிவப்புப் பழம் காய்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் வடக்கு விருந்தாளிகளுக்குப் பழத்தைவிட இலையில் இருக்கும் புழுதான் பெரிது. ஆகவே மருந்தடிக்காத மரம் என்பதே இங்கே கணக்கு. என் முருங்கையில் கம்பளிப்பூச்சி கண்டால் நான் மருந்தடிப்பதில்லை, பிள்ளைகளை மட்டும் தள்ளி நிற்கச் சொல்வேன்.

இதன் பலனை எங்கள் தாமானில் மூன்று ஆண்டாகப் பார்க்கிறேன். எதிர்வீட்டு ஆண்டெனாக் கம்பியில் ஒரு பழுப்புக் கீச்சான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, முப்பது கிராம் சொச்சம் எடை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, அதற்கு மேலே வெள்ளைப் புருவம், கிளியலகு போல நுனி வளைந்த மூக்கு. காலை ஏழரைக்கு 'கர்ர்ர் கர்ர்ர்' என்று தேங்காய் துருவுவதுபோல் கத்தி, இது என் இடம் என்று அறிவிக்கும். பிறகு தலையை மட்டும் திருப்பிப் புல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அது பாய்ந்து என் விரல் நீள வெட்டுக்கிளியைத் தூக்கிக்கொண்டு வேலியில் உட்கார்ந்தது. முதலில் காலை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டது. உடலை வேலிக் கம்பியின் முனையில் குத்தி நிறுத்தி, கொக்கி மூக்கால் இழுத்து இழுத்துத் தின்றது. பசியாறக் கூப்பிட்ட குரல் என் காதில் விழவே இல்லை. பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ந்தவர்கள், இந்த இனத்தில் சென்ற குளிர்காலத்தில் இருந்த இடத்துக்கே மறுபடி வரும் பறவைகள் உண்டு என்று கண்டிருக்கிறார்கள். எங்கள் ஆண்டெனாவுக்கு வருவது அதே ஆள்தான் என்று என் மகள் சத்தியம் செய்கிறாள்.

வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அக்டோபர், நவம்பரில் இவற்றில் பல இரவில்தான் பறந்து வருகின்றன. மாடிக் கட்டடங்களின் விளக்கு அவற்றைத் திசை தடுமாற வைக்கும், கண்ணாடியில் மோதும். ஒரு நவம்பர் விடியலில் என் நண்பரின் அடுக்குமாடி நடைபாதையில் ஆறுமணிக்குருவி இனத்துப் பறவை ஒன்று கிடந்தது. பச்சை முதுகு, கறுப்பு முகம், கடல் நீலத்தில் இறக்கை, வாலடியில் குங்குமச் சிவப்பு. காலணிப் பெட்டியில் துணி விரித்து, மூடியில் துளை போட்டு, இருட்டான மூலையில் வைத்தோம். தண்ணீர் ஊற்றவில்லை, தீனியும் கொடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கால் பரபரக்கும் ஓசை கேட்டது. தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோய் ஒரு புதர் ஓரத்தில் திறந்தோம், ஒரே தாவல், இலைக்குள் போய்விட்டது. அந்த இரண்டு மாதமும் தேவையில்லாத வெளி விளக்கை அணைத்துவிடுங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். இதற்குக் காசு ஏதும் இல்லை.

இனி வெளியே போவதற்கு வருவோம்.

தாவரவியல் பூங்கா 1884இல் உருவானது. தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகிற எல்லாருக்கும் வழி தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை, பாதை சமதளம், மூட்டுவலிக்காரரும் நடக்கலாம். நாகலிங்க மரத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் பாதி நேரம் போய்விடும். காலை ஏழு மணிக்கு ஓடைக் கற்களைப் பாருங்கள், வால் ஆட்டும் சாம்பல் வாலாட்டி கிடைக்கலாம். மரநிழலில் காட்டு வாலாட்டி நடந்தால் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கண்ணாடிக் குரங்கைக் குழந்தைகள் கண்டிப்பாக விரும்புவார்கள். குரங்குகளுக்குத் தீனி மட்டும் கொடுக்காதீர்கள். நீள்வால் குரங்குகள் மனிதர் கைப்பையைப் பறிக்கக் கற்றுக்கொண்டதே நாம் கொடுத்துப் பழக்கியதால்தான். எட்டரை மணிக்கு மேல் மெதுவோட்டக் கூட்டம் கூடிவிடும், அதற்குள் கிளம்பிவிடுவது நல்லது.

கொடிமலைக்குப் போகலாமா என்பதுதான் தங்கையின் கேள்வி. 1923இல் போட்ட மலை ரயில் பாதை, 2011 முதல் புதிய பெட்டிகள், சில நிமிடத்தில் மேலே. காற்று நான்கைந்து பாகை குளிர்ந்திருக்கும், அது மட்டுமே நம் பிள்ளைகளுக்குக் 'குளிர்காலம்' என்ற சொல்லுக்குக் கிடைக்கும் அனுபவம். அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கிறது, கீழே ஊரும் பாலமும் கடலும் தெரியும். 2021இல் யுனெஸ்கோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கறுப்பு மலையணிலைப் பார்த்த நாள் என் மகள் இரவு முழுக்க அதைப் பற்றியே பேசினாள். அவ்வளவும் உண்மை. ஆனால் பறவைக்காக என்றால் நான் தயங்குவேன். மலைக்காட்டுப் பறவைகள் இருபது மீட்டர் உயர இலைக்கூட்டத்தில் திரியும். பழகிய காதும் கழுத்து வலியைத் தாங்கும் பொறுமையும் வேண்டும். பள்ளி விடுமுறையில் ரயிலுக்கு நிற்கும் வரிசையில் காலை நேரமெல்லாம் கரைந்துவிடும், பறவைக்கு உகந்த நேரமும் அதுதான். நால்வருக்குப் போகவரக் கட்டணமும் சேரும். குடும்பமாகப் போய் மனம் குளிர்ந்து வருவதற்குக் கொடிமலை சரி. வடக்கு விருந்தாளியைப் பார்ப்பதற்கு அது முதல் இடம் அல்ல.

என்னைக் கேட்டால் அந்த முதல் இடம் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக்கரை. உலகப் பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் முக்கியப் பறவை வாழிடம் என்று குறித்து வைத்திருக்கும் கரை இது. நம்மில் பலர் அவ்வழியே மீன் வாங்கப் போயிருப்போம், கடலைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். நீர் வற்றியதும் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. அதற்குள் புழு, நத்தை, சிறு நண்டு. ஆர்க்டிக் ஓரத்திலிருந்து ஆஸ்திரேலியா வரை 22 நாடுகளைத் தொட்டுச் செல்லும் வான்வழியில் ஐந்து கோடிக்கும் மேலான நீர்ப்பறவைகள் போகவர இருக்கின்றன. நம் கரை அவ்வழியில் ஒரு சாப்பாட்டுச் சத்திரம். இங்கே வரும் கருவால் மூக்கன் என்ற கரைப்பறவைக்குப் பட்டைவால் மூக்கன் என்று ஒரு சொந்தம் உண்டு. அதில் ஒரு குஞ்சு 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு இடையில் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. முதுகில் பொருத்திய கருவியால் அது தெரியவந்தது, அப்போது அதற்கு ஐந்து மாத வயது.

ஆனால் நேரம் தெரியாமல் போனால் ஏமாற்றம்தான். தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது பறவைகள் வெகுதொலைவில் மிளகு தூவியதுபோல் தெரியும். நீர் ஏறத் தொடங்கி உச்சத்துக்கு வரும் கடைசி இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். அலை தள்ளத் தள்ள அவை கரையை நோக்கி நடந்து வரும். கடல் ஏற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கும், மீனவர்களைக் கேட்டாலும் 'பசாங்' (கடல் ஏற்றம்) எத்தனை மணிக்கு என்று சொல்வார்கள். வீட்டுத் தமிழ் நாள்காட்டியே பாதிச் சேதி சொல்லிவிடும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் பெரியவை, அஷ்டமியை ஒட்டிச் சிறியவை. இன்னொன்று, இக்கரை மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் நிறம் அத்தனையும் காட்டும். மாலையில் வெறும் நிழலுருதான் தெரியும். ஆகவே ஏற்றம் காலை ஒன்பது, பத்து மணிக்கு வரும் நாளாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன ஜனவரியில் அப்படி ஒரு காலை. ஒரு சாண் நீளத்துக்கு வில்லாக வளைந்த அலகுள்ள பெரிய கோட்டான் ஒன்று (ஆந்தை அல்ல, கடற்கரைப் பறவை) அலகைச் சேற்றில் கண் வரைக்கும் இறக்கி, மெல்லத் திருகி, ஒரு நண்டை வெளியே எடுத்தது. எடுத்ததும் விழுங்கவில்லை. பக்கத்துக் குழித் தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுத்தான் விழுங்கியது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கான சிறு உப்புக்கொத்திகள் ஒரே நேரத்தில் எழுந்து, வெள்ளை வயிறு காட்டித் திரும்பி, மறுபடி இறங்கின. என்னோடு வந்த மாமா, அறுபது வருடம் இதே ஊரில் இருந்தவர், தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

குறைகளும் உண்டு. நிழல் இல்லை, கழிப்பறையை நம்ப முடியாது, தொலைநோக்கி இல்லாமல் போனால் பாதிதான் தெரியும். சேற்றில் இறங்கவே கூடாது, முழங்கால் வரை இழுத்துவிடும். பறவைகளை நோக்கி நடந்து விரட்டவும் கூடாது. அவை இங்கே சேர்க்கும் கொழுப்பில்தான் பிப்ரவரி, மார்ச்சுக்குப் பிறகு வடக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வெயில் ஆகாது என்றால் பிறை ஆற்றங்கரையில் ஆயர் ஹீத்தாம் டாலாம் காட்டுப் பகுதி இருக்கிறது. பலகை நடைபாதை, நிழல், மீன் ஆந்தை பகலில் தூங்குவதைக் காணும் வாய்ப்பு. கொசு மருந்து பூசிக்கொண்டு போங்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இதே வேலையைச் செய்யும். பிப்ரவரி, மார்ச்சில் போர்ட் டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போனால் கடலைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகளை அண்ணாந்து பார்க்கலாம்.

தங்கைக்கு நான் இரண்டு வரியில் சொன்னதை விரித்தால் இதுதான். கூண்டு வேண்டாம், கொழுப்பு உருண்டை வேண்டவே வேண்டாம். அந்தத் தொண்ணூறு வெள்ளியோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு தொலைநோக்கி வாங்கு. எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் கண்ணாடி என்று கேள். பத்து, பன்னிரண்டு மடங்கு பிள்ளைகள் கையில் ஆடும். ஐந்து வெள்ளிக்கு ஒரு மண்சட்டி, அதைக் கழுவும் வேலை பெரியவனுக்கு. முருங்கைக்கு மருந்தடிப்பதை மாப்பிள்ளையிடம் சொல்லி நிறுத்து. இரண்டு வாரம் வீட்டிலேயே பார்த்துக் கண் பழகட்டும். பிறகு ஒரு காலை தெலுக் ஆயர் தாவார். அத்தைக்குக் கொடிமலை ஆசை இருந்தால் அது தனியாக ஒரு நாள், பறவைக் கணக்கில் சேர்க்காதே.

மூன்றாம் நாள் படம் அனுப்பியிருந்தாள். சட்டி விளிம்பில் ஒரு சின்னான், தலை முழுக்க நனைந்து கொண்டை குத்திட்டு நிற்கிறது. அதற்குக் கீழே மருமகன் அனுப்பியிருந்த குரல்பதிவு: "மாமா, கம்பியில ஒண்ணு உக்காந்து கர்ர்ருங்குது. முகமூடி போட்டிருக்கு. அதுதானே?"

வரும் சனிக்கிழமை ஏற்றம் காலை ஒன்பதே முக்காலுக்கு. ஏழரைக்குக் காடியை எடுப்பதாக ஏற்பாடு. தொப்பி, தண்ணீர், மடக்கு நாற்காலி ஒன்று. நாசி லெமாக் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.